வெயிலைச் சாய்த்துப் பார்ப்பவர்

எங்கள் அலுவலகத்தில் சூரியனை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். வயலின் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தால், வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும் என்று அந்த மென்பொருளிடம் சொல்ல முடியும். நாங்கள் சூரியனை உச்சியில் நிறுத்துவோம். படம் பளிச்சென்று வரும், பார்ட்டிக்குப் பிடிக்கும். என்னோடு வேலை பார்த்த மேடம் மட்டும் சூரியனைக் கிழக்கே அடிவானம் வரை இறக்கிவிடுவார். அப்படி இறக்கினால் ஒரு சாண் பள்ளத்துக்குக்கூட நிழல் நீண்டு விழும். அது போதாதென்று நிலத்தின் உயரத்தைப் பத்து மடங்காகப் பெருக்குவார். சமதளம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கடலைக்காடு மேடும் மடுவுமாகத் திரையில் எழுந்து நிற்கும்.

"மேலேர்ந்து பாத்தா எல்லா நெலமும் நல்ல நெலம்தான் சார்," என்பார். "தரையோட தரையா கண்ணை வச்சுப் பாருங்க."

அலுவலகம் எடமலைப்பட்டி புதூரில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முதலாளியோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர். விவசாயிகளுக்கும், சொட்டுநீர்க் குழாய் பதிப்பவர்களுக்கும் நிலத்தின் வரைபடம் தயாரித்துக் கொடுப்பது எங்கள் தொழில். நான் ட்ரோனை எடுத்துக்கொண்டு போய்ப் படம் பிடித்து வருவேன். அந்த நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றாகச் சேர்த்து, மேடு பள்ளம் கணக்கிட்டு, வரைபடமாக ஆக்குவது அவர். என் வீடு ஸ்ரீரங்கத்தில். அவர் உறையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வயதான அம்மாவோடு இருந்தார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தும் அவர் என்னை 'சார்' என்றார், நான் அவரை 'மேடம்' என்றேன்.

விளையாட்டாகப் பேசாதவர் என்று சொல்ல முடியாது. நான் வரப்புகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தால், "உங்க கோலம் முடிஞ்சுதா சார்? வாசல் தெளிச்சாச்சா?" என்று கேட்பார். மத்தியானம் அவர் கொண்டுவரும் புளியோதரையில் பாதி எனக்கு. பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு கிடைக்கவில்லை என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். முன்னால் ரோடு தெரியாமல் தன்னால் உட்கார முடியாது என்று ஒருநாள் சொன்னார். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் செய்யும் வரைபடம் ஒரே படம் அல்ல. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒரு அடுக்கில் எல்லைக்கோடு, இன்னொன்றில் பயிர், இன்னொன்றில் போர்வெல்லும் குழாயும். ஒவ்வொன்றையும் லேயர் என்போம். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் இருந்தால் அந்த லேயர் தெரியும். டிக்கை எடுத்துவிட்டால் மறைந்துவிடும். அழிந்துபோகாது. பார்க்கிறவருக்கு இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

அவர் தயாரிக்கும் எல்லா வரைபடத்திலும் யாரும் கேட்காத ஒரு லேயர் இருந்தது. அதற்குப் 'பள்ளம்' என்று பெயர் வைத்திருந்தார். பாழுங்கிணறு, தூர்த்த கிணறு, குப்பை கொட்டி மூடிய குழி, கைப்பிடிச் சுவர் இல்லாத குட்டை எல்லாவற்றுக்கும் அதில் சிவப்பு வட்டம் போட்டிருப்பார். முதலாளி ஒருமுறை கேட்டார், "இதுக்குன்னு யாராவது தனியா காசு தராங்களாம்மா?"

"இல்லைங்க சார்."

"அப்புறம் எதுக்கு?"

"மூடின எடம் எறங்கிக்கிட்டே இருக்கும் சார். எவ்வளவு மண்ணு கொட்டினாலும் வருஷத்துக்குக் கொஞ்சம் எறங்கும்," என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் முதலாளி அதற்குமேல் கேட்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரை ஓரமாக ஒரு தென்னந்தோப்பு எங்களிடம் வந்தது. கோயில் கைங்கர்யக் குடும்பம். படத்தைத் திறந்த அன்றே மேடம் தோப்பின் நடுவில் ஒரு வட்டத்தைப் போட்டுவிட்டார். எனக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. நேரில் போனபோது அந்த இடத்தில் இரண்டு பசுக்கள் கட்டியிருந்தன. தோப்புக்காரர், எழுபது வயது இருக்கும், வரைபடத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த வட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"இங்க கிணறு இருந்ததுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. தரை சொல்லுது."

"எங்க பெரியப்பா காலத்துல தூர்த்தது. எங்காத்துல இருக்கறவாளுக்கே தெரியாதே. நான் சின்னப் பையன், பாத்துண்டு நின்னேன்." அவர் குரல் தாழ்ந்தது. "பெருமாள் சித்தம். மாட்டை அவிழ்த்து வேற எடத்துல கட்டச் சொல்றேன்."

மாடுகளை அவிழ்த்துக் கட்டும்வரை மேடம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இரண்டு பசுக்களும் வேறு மரத்தடிக்குப் போன பிறகுதான் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் இப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வயலில் இறங்கினால் அவர் நேராக நடக்க மாட்டார். குதிகாலால் தரையைத் தட்டித் தட்டி, சுற்றிச் சுற்றி நடப்பார். புல் ஓர் இடத்தில் மட்டும் அடர்ந்திருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போவார். ஒருமுறை களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சாப்பாட்டுக்காக ஒரு முள்செடிப் புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர் ஓடிப்போய் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தார். தூக்குவாளி கவிழ்ந்து சோறு மண்ணில் கொட்டியது. அந்தப் புதருக்கு அடியில் ஒன்றுமே இல்லை. பெண்கள் திட்டினார்கள். அவர் குனிந்து சோற்றை அள்ளிக்கொண்டே, "மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அந்த நிலத்துக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த தடவை நீங்க மட்டும் வாங்க. அந்தம்மா கண்ணைப் பாத்தா எங்க பொம்பளைங்களுக்குப் பயமா இருக்காம்," என்றார்.

எனக்கும் சில நாள் பயமாகத்தான் இருந்தது. திரையில் சூரியனை இறக்கிவிட்டு, முகத்தைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோய், மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எதையோ கண்டுபிடித்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர் மாதிரியும் இருக்கும், கண்டுபிடிக்காமல் போய்விடுவோமோ என்று பயப்படுகிறவர் மாதிரியும் இருக்கும்.

அப்புறம் திருவெள்ளறைப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு ஏக்கர் நிலம் ஒன்று வந்தது.

நிலத்துக்காரர் அதை ஒரு மக்காச்சோளக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப் போகிறார். கம்பெனிக்காரர்கள் மேடு பள்ளத்தோடு வரைபடம் கேட்டிருந்தார்கள். நான் போய்ப் படம் பிடித்துவந்து கொடுத்தேன். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் மேடம் என்னிடம், "எந்தப் பக்கம் சார்? ரோட்டுலேர்ந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். சொன்னேன். அன்று முழுவதும் அந்தப் படத்தை அவர் திறக்கவில்லை. மறுநாள் திறந்தார். மூன்று நாள் அதையே பார்த்தார். மூன்றாம் நாள் மேற்குப் பக்கம், வரப்பிலிருந்து சற்றுத் தள்ளி ஒரே ஒரு சிவப்பு வட்டம் போட்டார். எந்த வட்டத்துக்கும் அவ்வளவு மெதுவாக அவர் கை நகர்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் அவர் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நான்கு நாள் லீவு எடுத்தார். போகும்போது, "சார், அந்தத் திருவெள்ளறை மேப்பு ரெடி. அப்படியே பிரிண்ட் எடுத்துக் குடுத்துடுங்க. எதையும் மாத்தாதீங்க," என்றார்.

நிலத்துக்காரர் தானே நேரில் வந்தார். அறுபது வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, அமைதியான பேச்சு. திரையில் அந்த வட்டத்தைப் பார்த்ததும், "இது என்னங்க?" என்றார்.

"பழைய கிணறு ஏதாவது இருந்திருக்கலாம்னு ஒரு குறிப்புங்க," என்றேன்.

"எங்க நெலத்துல கிணறே கிடையாதுங்க. போர் மட்டும்தான். ரெக்கார்டுல பாத்துக்கங்க."

பதிவேட்டில் பார்த்தேன். கிணறு இல்லைதான். முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "கம்பெனிக்காரன் இதைப் பாத்தா ஆயிரம் கேள்வி கேப்பான்பா. எடுத்துடு," என்றார். நான் மவுஸை நகர்த்தி அந்தக் கட்டத்தில் ஒரு சொடுக்குச் சொடுக்கினேன். வட்டம் போய்விட்டது. பிரிண்ட் எடுத்து, தயாரித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். நிலத்துக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை லீவு முடிந்து மேடம் வந்தார். கைப்பையைக்கூட வைக்காமல் கம்ப்யூட்டரைத் திறந்தார். சற்று நேரம் கழித்து, "யாரு சார் அணைச்சது?" என்று கேட்டார்.

"நான்தான் மேடம்."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். வெளியே மதுரை ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் அவர் சொன்னதைக் கேட்பதற்காக நான் முன்னால் குனிய வேண்டியிருந்தது.

"எனக்கு அப்ப ஒம்பது வயசு சார். அக்காவுக்குப் பன்னெண்டு. நாங்க அந்த ஊருதான். அப்பா கூலி வேலை. அவருக்குக் கஞ்சி குடுத்துட்டுத் திரும்பி வரோம். எனக்குக் கால்ல முள்ளு குத்திடுச்சு. வரப்புல உக்காந்துட்டேன். அக்கா அந்தக் காட்டுக்குள்ள எலந்தப்பழம் பொறுக்கப் போனா. அங்க ஒரு பாழுங்கெணறு உண்டு, ஓலை போட்டு மூடியிருப்பாங்க. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்னுதான் நெனச்சேன்."

அப்போதுதான் கைப்பையை இறக்கி மேஜைமேல் வைத்தார்.

"ஓலை ஒடியற சத்தம் கேட்டுச்சு சார். வேற எதுவும் கேக்கல. ஒளிஞ்சு வெளையாடறான்னு உக்காந்திருந்தேன்."

அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்குள் யாரோ ஒருவர், அக்காவைப் போலவே பச்சைப் பாவாடை கட்டிய பெண் பிள்ளையைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்ததாகச் சொல்லிவிட்டார். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். மூன்றாவது நாள்தான் அப்பா இவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காட்டுக்கு வந்தார். அங்கே ஓலை இல்லை. புது மண் கொட்டி, நிரவி, சமமாக இருந்தது. அப்போதைய காட்டுக்காரர் இங்கே ஏது கிணறு என்றார். பதிவேட்டிலும் இல்லை.

"ஊர்ல வேற யாருக்கும் தெரியாதா மேடம்?"

"தெரிஞ்சவங்க எல்லாம் அவர்கிட்ட வேலை பாத்தவங்க சார். எங்கப்பாவும்தான்." கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியவ பஸ் ஏறிப் போயிட்டா, வருவான்னு அம்மா நம்பிடுச்சு. நான்தான் பொய் சொல்றேன்னு அடிச்சுச்சு. அதுக்கப்புறம் அந்த ஊர்ல இருக்க முடியல. உறையூர் வந்துட்டோம். வேற ஆபீஸ்ல இதைவிட நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டாங்க சார். நான் போகல. அந்தப் பக்கத்துக் காடு கழனி எல்லாம் மேப்பு போட இங்கதான் வரும். என்னைக்காவது அந்த நெலமும் வரும்னு இருந்தேன்."

வந்தது. நான் அணைத்துவிட்டேன்.

அந்த வாரமே ஒருநாள் காலையில் என் பைக்கில் இருவரும் திருவெள்ளறைக்குப் போனோம். அவர் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். போனைக் கையில் வைத்து இடம் பார்த்துக்கொண்டே நடந்தார். அன்று சுற்றி நடக்கவில்லை, நேராகத்தான் நடந்தார். ஓர் இடத்துக்கு இரண்டடி முன்னால் நின்றுகொண்டார். உழுது போட்டிருந்த செம்மண். வேறு எந்த அடையாளமும் இல்லை.

மோட்டார் கொட்டகைப் பக்கத்திலிருந்து நிலத்துக்காரர் வந்தார்.

"என்ன சார், மேப்புதான் குடுத்துட்டீங்களே. அந்தம்மா அங்க என்ன பாக்கறாங்க?"

"கெணத்தைப் பாக்கறேங்க," என்றார் அவர்.

"எங்க நெலத்துல கெணறே கிடையாதும்மா."

"உங்க அப்பாவும் இதையேதான் சொன்னாரு."

நிலத்துக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ சின்னவளா?"

அவர் தலையாட்டினார்.

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. உறையூர்ல."

"நல்லாப் பாத்துக்க." கொட்டகைப் பக்கம் திரும்பினார். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்று, எங்களைப் பார்க்காமலே சொன்னார்: "கெணறெல்லாம் இங்க எதுவும் இல்லம்மா. வெயில் ஏறுது. போயிட்டு வாங்க."

வழியில் டீக்கடையில் நிறுத்தினேன். அவர் டீ குடிக்கவில்லை. "முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு சார். பாத்த ஒடனே என்னைத் தெரிஞ்சிருக்கு," என்றார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. போன் செய்தால், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, நின்றுவிடுகிறேன் என்றார்.

நான் எட்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். எட்டு நாளும் வேலைக்கு வந்தேன், வரைபடம் போட்டேன், காவிரிப் பாலம் வழியாக வீட்டுக்குப் போனேன். ஒன்பதாவது நாள் கம்பெனியில் அந்த நிலத்தைக் கவனிக்கும் ஃபீல்டு ஆபீஸர் போன் செய்து, அடுத்த வாரம் டிராக்டர் இறக்குகிறோம், எல்லைக் கற்களின் அளவை ஒருமுறை சொல்லுங்கள் என்றார். அந்த வட்டத்தின் மேல்தான் டிராக்டர் ஏறப்போகிறது. அளவைச் சொல்லிவிட்டு, அந்தக் கட்டத்தில் மறுபடி டிக் செய்தேன். புது வரைபடத்தோடு, முதலில் கொடுத்ததில் ஓர் இடத்தை நான் மறைத்துவிட்டேன், சோதித்துப் பார்க்காமல் வண்டி இறக்க வேண்டாம் என்று என் பெயரிலேயே கடிதம் எழுதி அனுப்பினேன். முதலாளி என்னோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு நாளில் ஃபீல்டு ஆபீஸர் திரும்பக் கூப்பிட்டார்.

"சார், நல்ல வேளை. பன்னெண்டு அடிக் கம்பி. ரெண்டு பேர் சும்மா அழுத்துனாங்க, முழுசா எறங்கிடுச்சு. பத்தடி தள்ளி வேற எடத்துல மூணு அடிலேயே பாறை தட்டுது. உருவிப் பாத்தா நுனியெல்லாம் ஈரம். இங்க வேலை பாக்கற ஆளுங்க இப்பத்தான் வாயைத் தொறக்கறாங்க. அந்த எடத்துக்கு மட்டும் அப்பப்ப மண்ணு அடிப்பாங்களாம். வேலி போட்டுட்டோம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் உறையூர் போனேன். சந்துக்குள் சின்ன ஓட்டு வீடு. நான் படியேறிய சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "யாரு, பெரியவளா?"

"இல்லம்மா, ஆபீஸ் சார்," என்று சொல்லிக்கொண்டே அவர் வாசலுக்கு வந்தார். மெலிந்திருந்தார். உள்ளே கட்டிலில் அவர் அம்மா ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். முகம் மட்டும் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

நான் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியைச் சொன்னேன். மண் அடிப்பதைச் சொன்னேன். அவர் குறுக்கே ஒன்றும் கேட்காமல் கேட்டார். முடித்ததும், "ஈரமா இருந்துச்சா சார்?" என்றார்.

"ஆமா மேடம்."

படியில் உட்கார்ந்துகொண்டார். "அப்ப நான் கேட்ட ஓலைச் சத்தம் நெசந்தான்," என்றார். கண்ணில் தண்ணீர் வரவில்லை.

"போலீஸ்ல எழுதிக் குடுக்கலாம். நானும் கூட வரேன். தோண்டிப் பாக்கச் சொல்லுவோம்."

அவர் உள்ளே ஒருமுறை பார்த்தார்.

"தோண்டினா அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியட்டுமே மேடம். நீங்க பொய் சொல்லலைன்னு தெரியட்டும்."

"எனக்கும் அந்த வெறிதான் சார் இருந்துச்சு, இத்தனை வருஷமும். இதைக் கொண்டுவந்து அம்மா மடில போடணும்னு." புடவை நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார். "அவ வருவாங்கற நெனப்புலதான் சார் அது சாப்பிடுது, தூங்குது. ஆபரேஷனே எதுக்குப் பண்ணிக்கிச்சுன்னு நெனக்கிறீங்க? அவ வந்தா மொகம் தெரியணும்னுதான். அதைப் பிடுங்கிட்டு நான் வேற என்னத்தைக் குடுப்பேன்?"

நான் உள்ளே கட்டிலைப் பார்த்தேன்.

"அது இருக்கறவரைக்கும் நான் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன் சார். அதுக்கப்புறம் நானே போய் எழுதிக் குடுக்கறேன். இத்தனை வருஷம் பொறுத்தவ, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்க மாட்டாளா?"

யாரைச் சொன்னார், அக்காவையா தன்னையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டு படியிறங்கினேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "போயிட்டாங்களாடி?"

"போறாங்கம்மா."

"கதவைத் தாழ் போட்டுடாத."

"போடலம்மா."

நான் சந்தின் முனைவரை நடந்தேன். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை.